மூன்றாவது பிறேக்

எங்கள் ஊரில் வாகனம் ஓடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிறுத்தத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் எங்கள் அம்மன் கோயில் தேருக்குக் கரம்பொன்னுக்கு வந்து பார்க்கட்டும்.

தேர் அன்று எல்லாரும் மேலே இருக்கும் அம்மனைப் பார்ப்பார்கள். பார்த்து முடித்தவர்கள் வடம் பிடிப்பவர்களைப் பார்ப்பார்கள். கீழே, வலது பின்சில்லுக்குப் பக்கத்தில், மரக்கட்டையோடு குனிந்தபடி நடக்கிறவனை ஒருவரும் பார்ப்பதில்லை. அது நான். தேருக்குக் கிளச் இல்லை, பிறேக் இல்லை, திருப்புவதற்கு ஒரு வளையமும் இல்லை. சில்லுக்கு முன்னால் கட்டையைச் சரித்து வைத்தால் தேர் திரும்பும், நேரே வைத்தால் நிற்கும். பதினான்கு வருஷமாக வைக்கிறேன். என் பக்கத்தில் தேர் ஒருவருடைய மதிலையும் தொட்டதில்லை. இடது சில்லுக்காரரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் அது அவருடைய பாடு.

என் பெயர் வாகீசன். வயது ஐம்பது. தேர் இல்லாத முந்நூற்று அறுபத்து நாலு நாளும் ஊர் வாசிகசாலையில் வேலை. என் மனைவி சிவரூபி கார் ஓடப் பழகியபோது நான் என்ன செய்தேன் என்பதை ஊரில் நாலு விதமாகக் கதைக்கிறார்கள். நாலும் பிழை. நடந்தது அந்த நாலையும்விட மோசம் என்பதால்தான் நானே சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன்.

எங்கள் முதியோர் சங்கத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் ஒரு வான் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கிழமையில் மூன்று நாள் அது வயதானவர்களை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும். அதை ஓடியவன் பிரான்சுக்குப் போய்விட்டான். வான் கொட்டகைக்குள் நின்றது. அதற்குள் ஒரு கோழி அடைகாத்து எட்டுக் குஞ்சும் பொரித்துவிட்டது. வயதானவர்கள் பழையபடி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் சிவரூபி தோசை சுட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, அந்த வான் ஓடுற வேலை எனக்கு வேணும்."

மகன் பல்கலைக்கழகம் போன பிறகு அவள் வீட்டில் ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்கு நடந்துகொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன். முழங்கால் நோவுக்கு நடக்கிறாள் என்று நினைத்தேன். கலியாணம் முடித்து இருபத்தொரு வருஷத்தில் "எனக்கு வேணும்" என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மகனுக்கு வேணும், வீட்டுக்கு வேணும், கோயிலுக்கு வேணும், எல்லாம் கேட்டிருக்கிறேன். எனக்கு வேணும் என்று கேட்டதில்லை.

சங்கத் தலைவர் கதிர்காமு ஐயா கொஞ்சம் யோசித்தார்.

"பிள்ளை, உம்மட்டை லைசன்ஸ் இருக்கோ?"

"ஸ்கூட்டிக்குக் கிடக்கு ஐயா. வானுக்கும் எடுக்கிறன்."

"தேருக்கு முதல் எடுத்துப்போட்டால் வேலை உமக்கு. இல்லாட்டி என்ர மருமகன் நிலக்ஷன் கேட்டுக்கொண்டு நிக்கிறான்."

நிலக்ஷன் வாகனம் ஓடுவதை ஊரே அறியும். அயல்வீட்டு அன்னபூரணம் மாமி ஒருநாள் அவனுடைய ஓட்டோவில் ஏறினார். இறங்கும்போது அவருடைய பல்செட்டைக் காணவில்லை. அது முன்னால் நிலக்ஷனுடைய மடியில் கிடந்தது. அவன் கையில் கிளினிக் வானைக் கொடுத்தால் போகும்போது உடம்பில் ஒரு வருத்தம், வரும்போது இரண்டு வருத்தம் என்றுதான் கணக்கு வரும். ஆகவே சிவரூபிக்கு அந்த வேலை கிடைக்கவேண்டும் என்று அவளோடு சேர்த்து இன்னும் முப்பது பேர் நேர்த்தி வைத்திருந்தார்கள்.

பழக்க வந்தவன் மண்டைதீவு அன்ரனிதாஸ். இருபத்திரண்டு வருஷமாக லேணர்ஸ் நடத்துகிறான். அவனுடைய சின்னக் காரில் பக்கத்துச் சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிறேக் இருக்கும், பழகுகிறவர் பிழைவிட்டால் அவன் அமத்துவதற்கு. எனக்கு அதைப் பார்த்ததும் அவன்மேல் மதிப்பு வந்தது. நிறுத்துவதைப் பற்றி யோசித்திருக்கிறான்.

சிவரூபி மூன்று கிழமையில் நன்றாக ஓடினாள். கிளச்சை அமத்துவது, கியர் போடுவது, மெல்ல விடுவது எல்லாம் வந்தது. முதல் நாள் கார் தவளைபோலத் துள்ளித் துள்ளிப் போய் ஒரு வேலியில் நின்றது உண்மைதான். வேலிக்காரர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. மிச்சம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது.

அங்கேதான் சிக்கல். எங்கள் தீவில் ஏற்றம் என்று ஒன்று கிடையாது. ஒரு போத்தலைத் தெருவில் படுக்க வைத்தால் அது காற்றுக்குத்தான் உருளும். மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தண்ணீருக்கே தெரியாது. சோதனையில் மட்டும் ஏற்றத்தில் காரை நிறுத்து, கைப்பிறேக்கைத் தொடாதே, ஒரு அடிக்குமேல் பின்னால் போகாமல் எடு என்று கேட்பார்கள். இரண்டு நாள் தேடி, கடைசியில் அன்ரனிதாஸ் கரையில் ஒரு இடம் பிடித்தான். வள்ளங்களை இழுத்து ஏற்றுவதற்காகக் கட்டிய கொங்கிறீற்றுச் சரிவு. நல்ல ஏற்றம். மேலே தெரு, கீழே கடல்.

"அக்கா, ரெண்டு காலும் அமத்தித்தான் நிக்கிறியள். இடக்கால் கிளச், வலக்கால் பிறேக். இப்ப கிளச்சை மெல்ல மெல்ல விடுங்கோ. ஒரு இடத்தில எஞ்சின்ர சத்தம் தாழும். காரின்ர மூக்குக் கொஞ்சம் எழும்பும். அதுதான் கிளச் பிடிக்கிற இடம். இடக்காலை அங்கையே வைச்சுக்கொண்டு பிறேக்கை விட்டியளெண்டால் கார் முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் போகாது. பேந்து அக்சிலேற்றரைக் குடுத்தால் ஏறும்."

"அந்த இடம் எங்கை கிடக்கெண்டு எப்பிடித் தெரியும்?"

"அதைக் கால்தான் சொல்லும் அக்கா. நான் சொல்ல ஏலாது."

கால் ஒன்றும் சொல்லவில்லை. சிவரூபி முதலில் பிறேக்கை விட்டாள். கார் பின்னால் போகத் தொடங்கியது. பதறிப்போய்க் கிளச்சை உள்ளபலமெல்லாம் கொடுத்து அமத்தினாள். கார் இன்னும் வேகமாகப் போனது. அன்ரனிதாஸ் தன் பிறேக்கில் ஏறி நின்றபோது பின்சில்லுகள் இரண்டும் கடலுக்குள். புகைக்குழாய் தண்ணீருக்குள் குமிழி விட்டது.

"கிளச்சை அமத்தினால் நிக்கும் எண்டு நினைச்சனான்" என்றாள்.

"கிளச்சை அமத்தினால் எஞ்சினுக்கும் சில்லுக்கும் உறவு முறிஞ்சுபோம் அக்கா. பேந்து காரைப் பிடிக்கிறதுக்கு ஆளில்லை."

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்காமலே, "காரைநகருக்குப் போறதெண்டால் படகு அங்காலை நிக்குது, தங்கச்சி" என்றார். கரையே சிரித்தது.

சிவரூபி அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து குசினியில் தேங்காய் துருவும்போது அழுதாள். "எனக்கு ஏலாதப்பா. நிலக்ஷனே ஓடட்டும்" என்றாள். அவள் அழுதால் எனக்கு ஒன்றும் ஓடாது, கை எதையாவது பிடித்து நிறுத்தப் பார்க்கும். அவ்வளவுதான் என் சுபாவம்.

அன்று பின்னேரமே ஒரு கட்டை செதுக்கினேன். தேர்க்கட்டையைக் காருக்குப் போடுவது அம்மனுக்கு மரியாதையில்லை என்பதால் புதிதாக, வேம்பில், கைக்கு அடக்கமாக.

அடுத்த நாள் நானும் கரைக்குப் போனேன். "நான் பின்னாலை நிண்டு ஆடு மாடு வராமல் பார்க்கிறன்" என்று சொன்னேன். கார் சரிவில் ஏறி நின்றது. துவாய்க்குள்ளிருந்து கட்டையை எடுத்து, கண்ணாடியில் தெரியாமல் குனிந்து, வலது பின்சில்லுக்குக் கீழே வைத்தேன். ஒரு சத்தம் இல்லை. பதினான்கு வருஷத் தொழில். சிவரூபி பிறேக்கை விட்டாள். கார் அசையவில்லை. ஆறுதலாக அக்சிலேற்றரைக் கொடுத்தாள், கார் ஏறிப் போனது. நான் கட்டையை எடுத்துத் துவாயால் மூடினேன்.

கார் மேலே தெருவில் போய் நின்றது. பிறகு அன்ரனிதாஸ் கத்தினான்.

"அக்கா! ஒரு நூல்கூடப் பின்னுக்குப் போகேல்லை!"

சிவரூபி யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் அடுத்த நாள் கட்டையோடு போயிருப்பீர்கள்.

பதினொரு நாள் போனேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு அவளுக்கு ஒரு ஒயில் வந்துவிட்டது. சரிவில் நிறுத்துவாள், பிறேக்கை விடுவாள், முன்மயிரை ஒதுக்குவாள், சேலைத் தலைப்பைச் சரிசெய்வாள், பிறகுதான் அக்சிலேற்றர். கிளச் பிடிக்கிற இடத்தைக் கால் தேடவே இல்லை. தேட என்ன தேவை, கார்தான் என் கட்டையில் சாய்ந்து நின்றதே. அன்ரனிதாஸ் அதை வேறுவிதமாக விளங்கிக்கொண்டான். இது கண்ணுக்குத் தெரியாத கிளச் என்றான். சில பேருடைய காலுக்குப் பிறவியிலேயே வரும், இருபத்திரண்டு வருஷத்தில் இதைத்தான் முதலாவதாகக் காண்கிறேன் என்றான். எட்டாம் நாள் மண்டைதீவிலிருந்து தன்னிடம் பழகும் இரண்டு பெடியன்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். அவர்கள் பின்சீட்டில் இருந்ததால் நான் இன்னும் பணியக் குனியவேண்டி வந்தது. அன்று இடுப்பில் வந்த நாரிப்பிடிப்பு இன்னும் இருக்கிறது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்து இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை அவள், "எனக்கு இப்பிடி ஒரு காரியம் வருமெண்டு நானே நினைக்கேல்லை" என்றாள். இரண்டாம் தடவை மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தடவையும் வாயை மூடிக்கொண்டேன்.

அதனால் சோதனைக்கும் போகவேண்டி வந்தது. கட்டை ஒரு சந்தைப் பைக்குள், மேலே இரண்டு வாழைக்காய்.

யாழ்ப்பாணத்தில் சோதனை நடந்த வளவில் கொங்கிறீற்றில் கட்டிய ஒரு சின்ன ஏற்றம் இருந்தது. நான் அதற்குப் பின்னால் ஒரு பூவரசுக்குக் கீழே போய் நின்றேன். சிவரூபிக்கு ஆறாம் இலக்கம். அவளுடைய முறை வரும்போது மெல்லக் குனிந்து வைத்து, மெல்ல எடுத்துவிடுவது என்பதுதான் திட்டம். நல்ல திட்டம்.

ஐந்தாம் இலக்கம் கிறிஸ்ரினா என்று ஒரு பெண். ஊர்காவற்றுறையில் தையல் கடை வைத்திருப்பவள், எனக்குப் பழக்கமும் இல்லை. அவளுடைய கார் ஏற்றத்தில் நின்றது, முக்கியது, எஞ்சின் நின்று பின்னால் வரத் தொடங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒன்றும் யோசிக்கவில்லை. ஒரு சில்லு பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என் உடம்புக்குத் தெரியாது. வாழைக்காய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கார் என் கட்டையில் ஏறி, டக்கென்று நின்றது.

பரிசோதகர் இறங்கிப் பின்னால் வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிதர்.

"ஆர் நீர்?"

"வாகீசன்."

"இஞ்சை என்ன செய்யுறீர்?"

"கட்டை போட்டனான்."

"எந்தத் திணைக்களம்?"

"அம்மன் கோயில்."

அவர் கையிலிருந்த கோப்பை ஒருதரம் பார்த்தார். அப்படி ஒரு திணைக்களம் அதில் இருக்கவில்லைப்போல.

"கட்டையைத் தாரும். அந்த மதிலோடை போய் நில்லும். அசையப்படாது."

கட்டையை மேசையில் இருந்த விண்ணப்பங்களுக்கு மேலே, காற்றுக்குப் பறக்காமல் வைத்தார்கள். கிறிஸ்ரினாவுக்கு இன்னொரு தடவை கொடுத்தார்கள். அவள் அழகாக எடுத்துச் சித்தியடைந்தாள். இறங்கியதும் மதிலடிக்கு ஓடிவந்து, "அண்ணை, உங்கடை கட்டையைக் கண்டதோடை என்ர பயமெல்லாம் போட்டுது. கோடி புண்ணியம்" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

சிவரூபி இந்தக் கூத்து நடந்தபோது தூரத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பார்க்கவில்லை. பரிசோதகரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, சிரித்த முகத்தோடு ஏற்றத்தில் ஏறினாள், நிறுத்தினாள். பிறேக்கை விட்டாள். முன்மயிரை ஒதுக்கினாள்.

கார் பின்னால் வந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனவள் அந்தக் கையோடேயே வந்தாள். பூவரசைத் தாண்டியது, விண்ணப்ப மேசையைத் தாண்டியது, மதிலடியில் என்னையும் தாண்டியது. தாண்டும்போது யன்னலுக்குள்ளால் அவள் என்னைப் பார்த்தாள். பரிசோதகர் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். கார் போய்ச் சமதரையில் தானாக நின்றது.

"ஆரட்டைப் பழகினனீர்?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. அன்ரனிதாஸ் தெருவில் போன ஒரு பஸ்ஸின் இலக்கத்தை மிகக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தான்.

சிவரூபி இறங்கி நடந்து வந்தாள். மேசைக்கு முன்னால் நின்றாள். விண்ணப்பங்களுக்கு மேலே இருந்த கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அதில் அன்ரனிதாஸின் கார் ரயரின் பூ அச்சுகள் கறுப்பாகப் பதிந்திருந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக.

"எத்தினை நாள்?" என்றாள்.

"பதினொரு நாள்."

திரும்பி வரும்போது அன்ரனிதாஸ்தான் ஓடினான். பண்ணைப் பாலம் தாண்டி மண்டைதீவுச் சந்திக்கு வந்தோம். அங்கே வைத்து அவன், "கண்ணுக்குத் தெரியாத கிளச்" என்று தனக்குள்ளே ஒருதரம் சொல்லி, தலையில் ஒரு குட்டும் குட்டிக்கொண்டான்.

மூன்று நாள் சிவரூபி என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி வந்தது, சோறு வந்தது, சொல் வரவில்லை. வாசிகசாலையில் பழைய பத்திரிகைகளை நான் இரண்டு தரம் அடுக்கினேன். நாலாம் நாள் காலமை அவளாகவே வந்து எதிர்க் கதிரையில் இருந்தாள்.

"நான் தண்ணிக்குள்ளை போயிருந்தால் நனைஞ்சிருப்பன். அவ்வளவுதான். இப்ப என்ன நடந்தது? பதினொரு நாளாய் நான் பழகினதெல்லாம் பொய். ஊரெல்லாம் எனக்கு வரும் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். அந்தாளுக்குப் பக்கத்தில இருந்து மயிரை ஒதுக்கினனான்! உங்களுக்கு விளங்குதோ?"

"நீர் அழுதனீர்" என்றேன். "என்னாலை பார்க்க ஏலாமல் போச்சுது."

"அழுதால் என்ன? அழுதிட்டுப் பழகியிருப்பன்."

வெட்கமாக இருந்தது. நான் காப்பாற்றியது அவளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத்தான் காப்பாற்றியிருக்கிறேன்.

அடுத்த சோதனை பன்னிரண்டு நாளில். தேருக்கு நாலு நாள் முதல். அதிலும் போனால் வான் நிலக்ஷனுக்கு. அன்னபூரணம் மாமி பல்செட்டுக்கு நூல் கட்டிக் கழுத்தில் மாட்டும் யோசனையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

"நான் இனிக் கரைப்பக்கம் வரமாட்டன்" என்று சத்தியம் பண்ணினேன்.

"வாறியள்" என்றாள் சிவரூபி. "காருக்குள்ளை. பின்சீட்டில."

அன்று பின்னேரம் சரிவில் கார் நின்றது. பின்சீட்டில் நான், எனக்குப் பின்னால் கடல். கார் உருண்டால் நனைவது முதலில் நான் என்று அவள் கணக்குப் பார்த்துத்தான் இருத்தியிருக்கவேண்டும். பிறகு அவள் அன்ரனிதாஸின் பக்கம் திரும்பினாள்.

"அன்ரனி, காலை மேலை எடும்."

"அக்கா, நான் என்ர பிறேக்கில சும்மா காலை வைச்சுக்கொண்டு..."

"சப்பாணி கட்டி இரும்."

"சீட்டிலையோ?"

"சீட்டிலைதான்."

இருபத்திரண்டு வருஷம் லேணர்ஸ் நடத்தியவன் பூசைக்கு இருப்பதுபோலச் சீட்டில் சப்பாணி கட்டி இருந்தான்.

சிவரூபி பிறேக்கை விட்டாள். முன்சீட்டில் அன்ரனிதாஸ் சிலுவை போட்டான். பின்சீட்டில் நான் அம்மனைக் கூப்பிட்டேன். கார் இரண்டு பேருக்கும் பொதுவாகப் பின்னால் போனது. அவளே பிறேக்கை அமத்தினாள். நின்றது. எனக்கு என் கைகள் கதவைத் திறக்கப் போயிருந்ததே பிறகுதான் தெரிந்தது.

"கை எங்கை?" என்றாள் கண்ணாடியில் பார்த்து.

"மடியில."

"அங்கையே கிடக்கட்டும்."

ஆறு நாள் இப்படி. எத்தனை தரம் கடலைத் தொட்டுவிட்டு வந்தோம் என்று எண்ணவில்லை. வலைக்காரர் முதல் இரண்டு நாள் சிரித்தார், மூன்றாம் நாள் வலையை வேறு பக்கம் கொண்டுபோனார். சிவரூபி வாய்விட்டு ஏசினாள், எஞ்சினை ஏசினாள், கிளச்சைக் கண்டுபிடித்தவனின் குடும்பத்தையும் விடவில்லை. ஒருநாள் அழுதாள். அழுதுகொண்டே முதலாம் கியரைப் போட்டாள். நான் என் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தேன். என் வாழ்க்கையில் செய்த ஆகக் கஷ்டமான வேலை அதுதான். தேர்கூட இவ்வளவு பாரம் இல்லை.

ஏழாம் நாள் அவள் கிளச்சை விடும்போது எஞ்சின் சத்தம் தாழ்ந்தது. அது எனக்கே கேட்டது. காரின் மூக்கு ஒரு விரல் அளவுக்கு எழும்பியது. காருக்கு உடம்பெல்லாம் மெல்லிய நடுக்கம், பால் கறக்கும்போது மாட்டின் தோல் நடுங்குமே, அப்படி. சிவரூபி வலக்காலைப் பிறேக்கிலிருந்து எடுத்தாள்.

கார் நின்றது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. நான் கழுத்தைத் திருப்பிப் பின்சில்லைப் பார்த்தேன். கட்டை இல்லாமல் ஒரு வாகனம் சரிவில் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

"இந்தா கிடக்கு" என்றாள் சிவரூபி, யாருக்கும் அல்லாமல். "இந்தா, இஞ்சைதான் கிடக்கு அது."

பிறகு அக்சிலேற்றரைக் கொடுத்து ஏறிப்போய், திரும்பி வந்து, இன்னும் எட்டுத் தரம் செய்தாள். எட்டுத் தரமும் நின்றது. அன்ரனிதாஸுக்குக் கால் விறைத்துப்போய் இறங்க முடியவில்லை. நானும் அவளும் ஆளுக்கொரு கையில் பிடித்து இறக்கினோம். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டாம் சோதனைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. பாலம் தாண்டக்கூடாது என்று கட்டளை. நான் வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்தேன். மத்தியானம் வந்தாள், செருப்பைக் கழற்றினாள், ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள்.

"பாஸ்" என்றாள். "அந்தாள் என்னைக் கண்டதும் காருக்குக் கீழை குனிஞ்சு பார்த்திட்டுத்தான் ஏறினது."

கதிர்காமு ஐயா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கோழியையும் குஞ்சுகளையும் வேறு இடம் மாற்றி, வானைக் கழுவி, கற்பூரம் கொளுத்தித் திறப்பைச் சிவரூபியின் கையில் கொடுத்தார். நிலக்ஷன் கொஞ்சம் முறுகினான். அன்னபூரணம் மாமி எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார்.

முதல் கிளினிக் நாள் செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கே சிவரூபி புறப்பட்டுப் போய்விட்டாள். ஊரெல்லாம் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆறே முக்காலுக்கு எங்கள் சந்தியால் போகவேண்டும். நான் அவளுடைய தேத்தண்ணிப் போத்தலோடு சந்தியில் நின்றேன். அவள் அதை மறந்து வைத்துவிட்டுப் போனாள் என்று சொல்லலாம். ஆனால் உண்மை சொல்வதாகத்தான் தொடங்கினேன். அவளுடைய பைக்குள் இருந்து அதை எடுத்து வைத்தவன் நான்தான். போத்தலுக்காக எப்படியும் நிறுத்துவாள், நிறுத்தினால் ஒருதரம் பார்த்துவிடலாம், கிளச் எப்படி, பிறேக் எப்படி என்று ஒருதரம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

வான் வந்தது. நிமிர்ந்து இருந்துகொண்டு, இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஒன்பது பேர். நான் தெருவில் ஒரு அடி இறங்கிக் கையை நீட்டினேன், மற்றக் கையில் போத்தலைத் தூக்கிக் காட்டினேன்.

வான் வேகம் குறைந்தது. சிவரூபி போத்தலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது. கிளினிக்கில் இலக்கம் கொடுப்பது ஏழரைக்கு. தலையை ஒருதரம் ஆட்டினாள், ஹோணை ஒருதரம் அடித்தாள், கியரை மாற்றினாள். வான் என் நீட்டிய கைக்கு முன்னால் நிற்காமல் போனது. பின்கண்ணாடிக்குள்ளால் அன்னபூரணம் மாமி ஒரு பல்லும் குறையாமல் சிரித்துக் கைகாட்டினார்.

நான் கையை மடக்கவும் மறந்து நின்றேன். எனக்குக் கண் கலங்கியது, சந்தோஷத்தில்தான். வான் வளைவில் மறைந்த பிறகு மதகில் குந்தி அந்தத் தேத்தண்ணியை நானே குடித்தேன்.